ஒரு நாளைக்கு 12 கிராம்

தை மாதக் கடைசியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். இலையில் விழுவதை ஒதுக்கிவைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. வத்தக்குழம்பு, இரண்டு அப்பளம், மாவடு, கேட்டு வாங்கிய இன்னொரு கரண்டி பாயசம். மறுநாள் திங்கட்கிழமை காலை வெறும் வயிற்றோடு எடை மெஷினில் ஏறினேன். சனிக்கிழமை 82.8 காட்டியது, இப்போது 84.1 காட்டியது. பொங்கல் முடிந்து 84.6-இல் ஆரம்பித்தவன் நான். மூன்று வாரம் சர்க்கரை இல்லாத டீ குடித்து, இரவுச் சாதத்தை நிறுத்தி இறக்கியதெல்லாம் ஒரே பந்தியில் போயிற்றா? மெஷினைக் காலாலேயே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

கோபம் தணிந்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உடம்பில் சேரும் ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. 1.3 கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால் அன்றாடத் தேவை போக, கூடுதலாகப் பத்தாயிரம் கலோரி உள்ளே போயிருக்க வேண்டும். அது நாலைந்து நாள் சாப்பாடு. நான் நன்றாகச் சாப்பிடுகிறவன்தான், ஆனால் அவ்வளவு நன்றாக இல்லை.

ஏறியது தண்ணீர். ஆஸ்பத்திரியில் கையில் ஏற்றுகிறார்களே உப்புநீர் பாட்டில், அதில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கும். ரத்தத்தின் உப்புக்கு ஈடான அளவு அது. அப்பளமும் மாவடுவும் கூடுதலாகக் கொண்டுவரும் உப்பைச் சிறுநீரகம் வெளியேற்றி முடிக்கும்வரை, அதே விகிதத்துக்கு உடம்பும் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சாதமும் பாயசமும் வேறு வழியில் தண்ணீர் சேர்க்கும். மாவுச்சத்தில் ஒரு பகுதி கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜனாகத் தங்குகிறது, ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். வயிற்றில் இன்னும் செரித்து முடியாத சாப்பாட்டின் எடை தனி. வியாழக்கிழமை மெஷினை வெளியே இழுத்து ஏறினேன். 83.0.

இந்தக் கணக்கு என் பழைய வெற்றியையும் கவிழ்த்துவிட்டது. முதல் வாரத்தில் 1.6 கிலோ இறங்கியதே, அதுவும் பெரும்பாலும் இதே தண்ணீர்தான். சாதம் குறைந்ததும் கிளைகோஜன் கரைந்து, அதைப் பற்றியிருந்த தண்ணீரும் போயிருக்கிறது. ‘ஏழே நாளில் மூன்று கிலோ’ என்று சுவரெங்கும் ஒட்டியிருக்கும் விளம்பரங்கள் விற்பதும் இந்தத் தண்ணீரைத்தான். அது தீர்ந்ததும் முள் நின்றுவிடுகிறது. ‘நமக்கு இது ஒத்துவராது’ என்று ஆட்கள் விலகுவதும் அப்போதுதான்.

உடம்பின் எடையோடு மல்லுக்கட்டிய மனிதர்களில் எனக்குப் பிடித்தவர் இத்தாலியின் பாதுவா நகரத்து மருத்துவர் சாந்தோரியோ. கலிலியோ காலத்து ஆள். தராசுக்கோலில் ஒரு நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்தே சாப்பிட்டார். உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் ஏறக்குறைய முப்பது வருஷம் நிறுத்துப் பார்த்து, 1614-இல் புத்தகமாக எழுதினார். எட்டுப் பவுண்டு சாப்பிட்டுக் குடித்தால் அதில் ஐந்து பவுண்டு கண்ணுக்குத் தெரியாமலே மறைந்துபோகிறது என்பது அவர் கண்டது. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் போகிறது என்றார்.

மறைந்துபோகும் அந்தப் பங்கில் கொழுப்புக்கும் இடம் உண்டு. 2014-இல் ஆஸ்திரேலியாவில் ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் என்ற இருவர், மருத்துவர்கள், உணவியல் நிபுணர்கள், உடற்பயிற்சியாளர்கள் என 150 பேரிடம் ‘கரைந்த கொழுப்பு எங்கே போகிறது?’ என்று கேட்டார்கள். வெப்பமாக மாறிவிடுகிறது என்பதே பெரும்பாலோர் பதில். அது தவறு. 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக நுரையீரல் வழியாகவும், மீதி 1.6 கிலோ தண்ணீராகவும் வெளியேறுகிறது. அப்படியானால் வேகவேகமாக மூச்சுவிட்டால் இளைத்துவிடலாமே என்று கேட்காதீர்கள், மயக்கம்தான் வரும். கொழுப்பு எரிந்தால்தான் அந்தக் கரி மூச்சுக்கு வரும்.

சரி, ஒரு நாளைக்கு எவ்வளவு எரியும்? எனக்கு மூன்று வேளை டீ. வேளைக்கு நான் நிறுத்தியது இரண்டு ஸ்பூன், சுமார் 8 கிராம் சர்க்கரை. மூன்று வேளைக்கு 24 கிராம், அதாவது 96 கலோரி. இதை 7,700-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 12 கிராம் கொழுப்பு. என் மெஷினின் மிகச் சிறிய அளவே 100 கிராம். அந்த ஒரு புள்ளி இறங்க எட்டு நாள் ஆகும். அதற்குள் உப்பும் தண்ணீரும் மெஷினை ஒரு கிலோ மேலேயும் கீழேயும் ஆட்டிவிடும். சந்தை இரைச்சலில் யாரோ காதோரம் கிசுகிசுப்பதைக் கேட்க முயல்வது மாதிரிதான் இது. மன உறுதி இல்லை என்று நம்மையே திட்டிக்கொள்கிறோம். பாதி நேரம் குற்றவாளி தராசுதான்.

அதனால் தினமும் பார்த்த எடையை நோட்டில் எழுதி, ஏழு நாளைக்கு ஒரு முறை சராசரி எடுக்க ஆரம்பித்தேன். தினசரி எண்கள் 83.7, 82.6, 83.4 என்று தாறுமாறாக ஓடின. வாரச் சராசரி 83.2, 83.1, 83.1, 82.9 என்று நடந்தது. கல்யாணத்தோடு இரவுச் சாதம் அரைக் கிண்ணமாகத் திரும்பி வந்துவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை. டீச் சர்க்கரை மட்டும் வரவில்லை.

இதே 12 கிராம் காலகாலத்துக்கும் இறங்கிக்கொண்டே இருக்குமா? இருந்தால் வருஷத்துக்கு நாலரைக் கிலோ, பத்து வருஷத்தில் 45 கிலோ. டீயில் சர்க்கரை போடாமலே நான் பாதியாகிவிடுவேன்! 1958-இல் மாக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி என்ற மருத்துவர் எழுதிய ‘பவுண்டுக்கு 3,500 கலோரி’ என்ற கணக்கை இப்படி நீட்டித்தான் பல உணவுத் திட்டங்கள் வாக்குறுதி கொடுத்தன. அப்போது அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்த கெவின் ஹால் அடிப்படையில் இயற்பியல் படித்தவர். அவரும் சகாக்களும் 2011-இல் அதைத் திருத்தினார்கள். எடை குறைந்த உடம்பு குறைவாகச் செலவழிக்கும், அதனால் இறக்கம் தானாகவே மெதுவாகும். அன்றாடம் 24 கலோரியை நிரந்தரமாகக் குறைத்தால் கடைசியில் ஒரு கிலோ இறங்கும். அதில் பாதி இறங்க ஒரு வருஷம், ஏறக்குறைய முழுதும் இறங்க மூன்று வருஷம். என் 96 கலோரிக்கு நாலு கிலோ. அவ்வளவுதான்.

இதற்கிடையில் பசி வேறு. இறங்கிய ஒவ்வொரு கிலோவுக்கும் நாளைக்குச் சுமார் 100 கலோரி கூடுதலாகச் சாப்பிடத் தூண்டும் அளவுக்குப் பசி ஏறுகிறது என்று ஹால் குழு பின்னர் கணித்தது. மெல்போர்னில் பத்து வாரம் கடும் பத்தியம் இருந்தவர்களுக்கு, ஒரு வருஷம் கழித்தும் பசியைத் தூண்டும் கிரெலின் உயர்ந்தே இருந்தது, நிறைவைச் சொல்லும் லெப்டின் தாழ்ந்தே இருந்தது.

‘மெல்ல இறங்கினால்தான் நிலைக்கும்’ என்று வழக்கமாகச் சொல்வார்கள். நானும் நம்பினேன். அதே மெல்போர்னில் 200 பேரைப் பிரித்து, ஒரு பாதியை 12 வாரத்திலும் மறுபாதியை 36 வாரத்திலும் மருத்துவக் கண்காணிப்பில் இளைக்கவைத்தார்கள். 2014-இல் முடிவு வந்தது. மூன்று வருஷத்தில் இரண்டு அணியினரும் இழந்த எடையில் சுமார் 71 சதவீதத்தைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். ஆக, வேகத்துக்கும் நிலைப்புக்கும் நாம் நினைத்த உறவு இல்லை. அவசரத்தில் பித்தப்பைக் கல் வரும் ஆபத்து உண்டு என்பது வேறு விஷயம். எடை இறங்கிய பிறகு, இறக்கியதற்காகச் செய்ததை நிறுத்துகிறோமா என்பதுதான் கேள்வி. என்னால் இரவுச் சாதத்தை நிறுத்தமுடியவில்லை, சர்க்கரையை நிறுத்தமுடிந்தது.

மெஷின் காட்டாத இன்னொன்றும் உண்டு. டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வு. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர் அதில் பங்கேற்றார்கள். தனி ஆலோசனை தரப்படாதவர்களில் மூன்று வருஷத்தில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. தினமும் நடக்கவும், சர்க்கரையையும் எண்ணெயையும் குறைக்கவும் சொல்லப்பட்டவர்களில் 39.3 சதவீதம். வேடிக்கை என்னவென்றால், அவர்களின் எடை குறிப்பிடும்படி இறங்கவே இல்லை. தராசை மட்டும் நம்பியிருந்தால் அவர்களும் பாதியில் மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருப்பார்கள்.

இது ஆடி மாதம். இந்த வாரச் சராசரி 81.8. ஆவணியில் இன்னொரு கல்யாணம் இருக்கிறது, பாயசமும் இருக்கும். மறுநாள் காலை வழக்கம்போல ஏறிப் பார்ப்பேன். நோட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ‘கல்யாணம்’ என்று எழுதிவைக்கச் சின்னதாக ஓரம் விட்டிருக்கிறேன்.