கண் மட்டுமா காணும் கேளிக்கை?

கேளிக்கைப் பூங்காவுக்குச் சென்று திரும்பியவர்களிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி, 'என்னென்ன பார்த்தீர்கள்?' என்பதுதான். அவர்களும் உடனே கைப்பேசியை எடுத்து நிழற்படங்களைக் காட்டுவர். பிற புலன்களின் வேலையைச் சொல்லும்போதுகூட நம் தமிழ் கண்ணையே துணைக்கு அழைக்கிறது. தொட்டுப் பார், முகர்ந்து பார், சுவைத்துப் பார், கேட்டுப் பார் என்கிறோம்.

ஆனால், தொல்காப்பியர் உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுத்தபோது கண்ணுக்குத் தந்த இடம் நான்காவதுதான். முதலில் உடம்பு, அடுத்து நாக்கு, பிறகு மூக்கு, அதன் பின்னரே கண், ஐந்தாவதாகச் செவி, ஆறாவதாக மனம். அந்த வரிசையிலேயே ஒரு கேளிக்கைப் பூங்காவைச் சுற்றிவருவோம். விடுமுறைக்குத் திட்டமிடும் வாடிக்கையாளர்களுக்கு, செலவிடும் பணத்தின் முழுப் பயனையும் பெற இச்சுற்று உதவும். ஒரு புலன் குறைந்தவருக்கு அங்கே இடம் உண்டா என்ற கேள்விக்கும் இது நம்மை அழைத்துச் செல்லும்.

பழத்தோட்டத்தில் பிறந்த பூங்கா

இராட்டினங்களும் சறுக்குகளும் பழையவை. ஆனால் ஒரு கதையை, ஒரு காலத்தை, ஒரு நாட்டைக் கருப்பொருளாகக் கொண்டு, கட்டடம் முதல் குப்பைத்தொட்டி வரை அதற்கேற்ப அமைப்பது பிற்காலத்து வழக்கம். அதற்குப் பெரும் முன்மாதிரியாக அமைந்தது, அமெரிக்காவின் அனஹைம் நகரில் ஆரஞ்சுத் தோட்டங்கள் இருந்த நிலத்தில் 1955ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று திறக்கப்பட்ட டிஸ்னிலேண்ட்.

நம் நாட்டில், 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் அடையாளமான யானைக்குட்டியின் பெயரில் டெல்லி பிரகதி மைதானத்தில் 1984இல் 'அப்பு கர்' தோன்றியது. அது 2008இல் மூடப்பட்டது. மும்பையில் எஸ்ஸெல் வேர்ல்டும், 1991இல் கொல்கத்தாவில் நிக்கோ பூங்காவும் வந்தன. கொச்சியில் 2000இல் வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கிய பூங்கா இன்று வொண்டர்லாவாக இருக்கிறது; அதே குழுமம் 2005இல் பெங்களூரிலும் 2016இல் ஹைதராபாத்திலும் கால் பதித்தது. மும்பைக்கும் புனேவுக்கும் இடையே கோபோலியில் இமேஜிகா 2013இல் திறக்கப்பட்டது.

மெய்: எடை இழக்கும் நொடி

பூங்காவில் மிகுதியாக உழைக்கும் புலன் உடம்புதான். ரோலர் கோஸ்டர் மேட்டின் உச்சியைக் கடந்து கீழ்நோக்கித் திரும்பும் நொடியில், நம் உடல் முன்பு சென்ற திசையிலேயே தொடர முயல்கிறது; இருக்கையோ கீழே விலகுகிறது. இருக்கை நம்மைத் தாங்கும் விசை குறைவதால் எடையே இல்லாததுபோல் தோன்றுகிறது. வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகளுக்கும் இதே கதிதான். 'வயிற்றைக் கலக்குகிறது' என்று நாம் சொல்வது வெறும் பேச்சு அன்று. பள்ளத்தின் அடியில் வண்டி மேல்நோக்கித் திரும்பும்போது இதற்கு நேர்மாறாக உடல் கனத்து, தலை தோளுக்குள் அழுந்துகிறது. வண்டியில் ஏறிய எவரும் கண்ணை இறுக மூடிக்கொண்டாலும் இவ்விரண்டையும் தவறவிட முடியாது.

நீர் விளையாட்டுப் பகுதியில் தோல் வேறொரு பாடம் கற்கிறது. மே மாத வெயிலிலும் நீரிலிருந்து வெளியே வந்ததும் குளிர்வது ஏன்? உடம்பின் மேலுள்ள நீர் ஆவியாகும்போது அதற்கான வெப்பத்தை நம் தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. சிறுவர்கள் நடுங்கத் தொடங்கினால், 'வெயில்தானே' என்று விட்டுவிடாமல் துவட்டிவிடுவது நல்லது.

நா: அச்சமும் எலுமிச்சைச் சாறும்

அச்சத்தில் நாக்கு வறள்வது அனைவரும் அறிந்ததே. ஆபத்து என்று உணரும்போது நரம்பு மண்டலம் உமிழ்நீர்ச் சுரப்பைக் குறைக்கிறது. உணவு உமிழ்நீரில் கரைந்தால்தான் நாவின் சுவை மொட்டுகளை எட்டும். ஆகவே, உயரமான சவாரிக்காக வரிசையில் நிற்கும்போது வாயிலிட்ட முறுக்கு மண்போல் இருப்பதும், இறங்கி வந்து அமைதியடைந்த பின் பருகும் எலுமிச்சைச் சாறு அமுதமாக இனிப்பதும் இயல்பே. சுழலும் சவாரிகளை முடித்துக்கொண்டு உணவுக்கூடத்துக்குச் செல்வதே முறை. இதை மாற்றிச் செய்தவர்களின் துன்பத்தை விரித்துரைக்கத் தேவையில்லை.

மூக்கு: நினைவின் குறுக்குவழி

மணத்தைக் கொண்டுசெல்லும் நரம்புவழி, உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய மூளைப் பகுதிகளை மிக நேரடியாகச் சென்றடைகிறது. பழைய பாடப்புத்தகத்தின் மணம் பள்ளி வகுப்பறையையே கண்முன் நிறுத்துவது இதனால்தான். பூங்காவை வடிவமைப்பவர்களும் இதை அறிவர். டிஸ்னி நிறுவனம் 2001இல் கலிபோர்னியாவில் தொடங்கிய பறத்தல் காட்சியில், திரையில் ஆரஞ்சுத் தோட்டம் தோன்றும்போது ஆரஞ்சு மணமும், காடு தோன்றும்போது பைன் மர மணமும் இருக்கைகளை நோக்கி வீசின.

மூக்கு நமக்கு எச்சரிக்கையும் தரும். நீச்சல் குளத்தில் மூக்கை அரிக்கும் நெடி எழுந்தால், 'நிறைய குளோரின் போட்டிருக்கிறார்கள், நீர் தூய்மையாக இருக்கும்' என்று நினைக்கிறோம். உண்மை வேறு. குளோரின், குளிப்பவர்களின் வியர்வையோடும் சிறுநீரோடும் வினைபுரிந்து உண்டாக்கும் சேர்மங்களின் நெடியே அது. நன்கு பேணப்படும் குளத்தில் நெடி மிகக் குறைவாகவே இருக்கும். குளத்தில் இறங்குமுன் உடலைக் கழுவிக்கொள்ளச் சொல்வதன் காரணமும் இதுவே.

கண்: ஏமாற இசையும் புலன்

கண்ணே மிக எளிதில் ஏமாறும் புலன். டிஸ்னிலேண்டின் கோட்டை ஏறத்தாழ 77 அடி உயரமே உடையது. மேலே செல்லச் செல்லக் கற்களையும் சன்னல்களையும் சிறிதாக்கிக் கட்டியிருப்பதால், வானளாவிய அரண்மனைபோல் தோன்றுகிறது. இமேஜிகாவில் மாபெரும் திரையின்முன் இருக்கைகளில் தொங்கியபடியே பாரதத்தின் மலைகளையும் நினைவுச்சின்னங்களையும் பறந்து காணும் உணர்வைப் பெறுகிறோம்.

வியப்பு என்னவென்றால், கிளர்ச்சியை மிகுவிக்க வேண்டும் என்று வடிவமைப்பாளர்கள் விரும்பும்போது, கண்ணை அவர்களே கட்டிவிடுகிறார்கள். புளோரிடாவில் 1975இல் திறக்கப்பட்ட 'ஸ்பேஸ் மவுண்டன்' இருட்டுக் கூடத்தில் ஓடும் ரோலர் கோஸ்டர். அதன் விரைவு மணிக்குச் சுமார் 45 கி.மீ. மட்டுமே, நம் நகரப் பேருந்தின் விரைவுதான். ஆயினும், அடுத்த திருப்பம் எப்பக்கம் என்று தெரியாததால், அது பாய்ந்து செல்வதாகவே பயணிகள் உணர்கின்றனர். இமேஜிகாவின் 'டீப் ஸ்பேஸ்' சவாரியும் இவ்வகையைச் சேர்ந்ததே.

செவி: உள்ளே ஒரு தராசு

ரோலர் கோஸ்டர் முதல் மேட்டில் ஏறும்போது எழும் 'டக் டக்' ஓசையை அச்சமூட்டும் இசையாகவே பலரும் கேட்கின்றனர். உண்மையில் அது ஆறுதல் தரும் ஓசை. வண்டியின் அடியிலுள்ள இரும்பு நாக்கு, பாதையிலுள்ள பல்வரிசையில் ஒவ்வொரு பல்லாக விழுந்து பற்றும்போது எழுவது அது. இழுக்கும் சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னோக்கி உருளாமல் அந்த நாக்கு தாங்கிக்கொள்ளும். கொல்கத்தா நிக்கோ பூங்காவின் 'சைக்ளோன்' போன்ற மரத்தாலான பாதைகளில் இதனோடு மரச்சட்டங்களின் கடகடப்பும் சேர்ந்துகொள்ளும்.

செவிக்குள் இன்னொரு கருவியும் உண்டு. மூன்று அரைவட்டக் குழல்களில் இருக்கும் நீர்மம் தலை சுழல்வதை அறிவிக்கிறது. நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் சாய்வையும் விரைவு மாற்றத்தையும் அறிவிக்கின்றன. கண் சொல்வதும் இத்தராசு சொல்வதும் முரண்படும்போதே குமட்டல் வருகிறது. திரைக்காட்சிச் சவாரிகளில் அசையாத இருக்கையிலேயே சிலருக்குத் தலைசுற்றுவது இதனால்தான். அப்போது திரையிலிருந்து பார்வையை விலக்கிச் சற்றுநேரம் கண்ணை மூடிக்கொண்டால் பெரும்பாலும் தணியும். ஆட்டிசம் உடைய குழந்தைகள் பலருக்கோ பேரொலியே பெருந்துன்பம். ஒலி தடுக்கும் காதுறை ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்வது அக்குடும்பங்களுக்கு ஒரு நாளையே மீட்டுத் தரும்.

மனம்: ஒரு நண்பரின் கேள்வி

எங்கள் அலுவலகத்தில் பார்வையற்ற நண்பர் ஒருவர் பணிபுரிகிறார். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருளின் துணையோடு கணக்குகளைக் கையாள்வதில் அவர் எவருக்கும் இளைத்தவர் அல்லர். சில ஆண்டுகளுக்கு முன் ஊழியர் குடும்பங்களாக ஒரு பூங்காவுக்குச் சென்றிருந்தோம். ரோலர் கோஸ்டர் வரிசையில் அரை மணி நேரம் நின்றபின், "இவரை ஏற்ற முடியாது சார். கண் தெரியாதவருக்கு ஆபத்து" என்றார் பணியாளர். நண்பர் குரலை உயர்த்தவில்லை. "சற்றுமுன் உங்கள் இருட்டுக் குகை வண்டியில் எங்கள் எல்லோரையும் ஏற்றினீர்களே, தம்பி. அதில் யாருக்குக் கண் தெரிந்தது?" என்று கேட்டார்.

பணியாளர் மேற்பார்வையாளரை அழைத்தார். வந்தவர் பொறுமையாகக் கேட்டார். வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் குறுகிய படிகளில் இறங்க வேண்டியிருக்கும். அதுவே தம் கவலை என்றார். நாள்தோறும் மின்சார ரயிலில் ஏறி இறங்குபவர் தாம் என்பதை நண்பர் எடுத்துரைத்தார். உடன் ஒருவர் அமர்வது என்று முடிவாயிற்று. காலி வண்டியில் இருக்கையையும் தோளின்மேல் இறங்கும் தடுப்புக் கம்பியையும் முதலில் தொட்டறிய வைத்தனர். பிறகு ஏற்றினர்.

இறங்கிய பின் அவர் சொன்னதை நாங்கள் இன்றும் பேசிக்கொள்கிறோம். வண்டி மேலேறும்போது கீழேயுள்ள கூட்டத்தின் ஓசை மெல்ல மெல்ல அமிழ்ந்ததாம். உச்சியில் காற்று பக்கம் மாறியதாம். 'டக் டக்' ஓசை நின்றதும், இனி வீழ்ச்சி என்று எங்கள் அனைவருக்கும் முன்பே அவர் அறிந்து கைகளை உயர்த்திவிட்டார். அவர் அருகில் அமர்ந்திருந்தவரோ கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்!

எல்லாத் தடைகளும் தவறானவை என்று நாம் கூறவில்லை. குறைந்த அளவு உயரம் இல்லாத குழந்தையைத் தடுப்புக் கம்பி சரியாகப் பிடிக்காது. இதய நோயாளிகளும் கருவுற்றவர்களும் விலகி நிற்பதே நலம். காரணம் உள்ள தடையை மதிப்போம். காரணத்தைக் கேட்கும்போது விடை வராத தடை, பழக்கத்தால் வந்ததாகவே இருக்கும்.

கதவைத் திறந்தவர்கள்

அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் 2010இல் 'மோர்கன்ஸ் வொண்டர்லேண்ட்' திறக்கப்பட்டது. மாற்றுத்திறன் கொண்ட தம் மகளுக்காகக் கார்டன் ஹார்ட்மன் என்பவர் எண்ணித் தொடங்கிய பூங்கா அது. மாற்றுத்திறனாளிகளுக்கு அங்கே அனுமதி இலவசம். சக்கர நாற்காலியோடே ஏறக்கூடிய இராட்டினங்கள் உண்டு. 2017இல் சேர்க்கப்பட்ட நீர்ப் பூங்காவில், மின்கலத்துக்குப் பதிலாக அழுத்திய காற்றால் இயங்கும் சக்கர நாற்காலிகள் நீருக்குள்ளேயே செல்கின்றன.

நம் நாட்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இருபத்தொரு வகை மாற்றுத்திறன்களை ஏற்கிறது. பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் அவர்கள் மற்றவர்களுக்கு இணையாகப் பங்கேற்க அரசுகள் வழிசெய்ய வேண்டும் என்றும் கூறுகிறது.

வங்கித் துறையிலும் இப்பாடத்தை நாம் கற்றிருக்கிறோம். 2014 ஜூலை 1 முதல் புதிதாக நிறுவப்படும் ஏ.டி.எம்.கள் அனைத்தும் பேசும் வசதியும் பிரெய்ல் விசைகளும் கொண்டிருக்க வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி பணித்தது. பார்வையற்றோருக்கென வந்த அவ்வசதி, கண்ணாடியை மறந்து வந்த முதியவருக்கும் எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் பயன்படக்கூடியது. ஒருவருக்காகத் திறந்த கதவு பலருக்கு வழியாகிறது.

புறப்படுமுன்

பல பூங்காக்களில் வார நாள்களில் கட்டணமும் கூட்டமும் குறைவு. கோடை விடுமுறைச் செலவுக்கென்று மாதந்தோறும் சிறு தொகையைத் தொடர் வைப்பில் இட்டுவந்தால், அந்த ஒரு நாள் பிற செலவுகளைப் பாதிக்காது. அனுமதிச்சீட்டு பதிவு செய்யுமுன் பூங்கா அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சக்கர நாற்காலி செல்லும் பாதை எதுவரை உள்ளது? ஒலியும் கூட்டமும் தாங்காத குழந்தை சற்றுநேரம் ஒதுங்கி இருக்க அமைதியான இடம் உண்டா? பார்வையற்றவர் இருக்கையை முன்கூட்டியே தொட்டறிய இசைவு தருவீர்களா?

உங்கள் வீட்டில் அத்தகையவர் எவரும் இல்லாவிட்டாலும் கேளுங்கள். வாடிக்கையாளர் பலரும் கேட்கும் வசதியை எந்த நிறுவனமும் நெடுநாள் தள்ளிப்போடுவதில்லை. வங்கியின் முகப்பில் இத்தனை ஆண்டுகள் அமர்ந்திருக்கும் நாம் நன்கறிந்த உண்மை இது.