டெல்லி குளிருக்கு வீடு தயாரா?

காலையில் எழுந்து பார்க்கும்போது தேங்காய் எண்ணெய் பாட்டில் கல்லாக உறைந்து கிடக்கிறதா? டெல்லியில் குளிர் வந்துவிட்டது என்று அர்த்தம். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும். நவம்பர் பாதிக்கு மேல் இங்கே இரவு வெப்பம் 15 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் 5 டிகிரிக்கும் குறைகிற நாட்கள் உண்டு.

ஐப்பசி, கார்த்திகை என்றால் ஊரில் அடைமழை. குடையும் ஒழுகாத கூரையும் இருந்தால் போதும். இங்கே மழை இல்லை, பனியும் புகையும்தான். அதனால் ஊரில் கற்றது இங்கே பாதிக்கு மேல் உதவாது. புதிதாக வந்தவர்களுக்கும், குடும்பம் நடத்துகிறவர்களுக்கும் பயன்படும் சில யோசனைகள் இதோ.

ரஜாயும் கம்பளியும்

பெட்டியில் கிடந்த ரஜாயை எடுத்த அன்றே போர்த்திக்கொள்ளக் கூடாது. இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் இருபுறமும் காயப் போட வேண்டும். பஞ்சு கட்டி தட்டிப்போயிருந்தால் பிரித்து அடிக்கக் கொடுங்கள். பஞ்சுக்கு நடுவே தங்கும் காற்றுதான் உடல் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. கட்டி தட்டிய பஞ்சில் காற்று நிற்காது. கனம் இருக்கும், சூடு இருக்காது. டிசம்பரில் பஞ்சு அடிப்பவரிடம் கூட்டம் சேர்ந்துவிடும். இப்போதே கொடுத்துவிடுவது நல்லது.

நம் திருப்பூர் பனியனுக்கு எப்படியோ, அப்படித்தான் லூதியானா ஸ்வெட்டருக்கும் பானிப்பட் கம்பளிக்கும் பெயர். ஸ்வெட்டரை வெந்நீரில் துவைத்தால் சுருங்கிவிடும். பச்சைத் தண்ணீரில் பூந்திக்கொட்டை ஊறவைத்துத் துவைக்கலாம். இங்கே கடையில் 'ரீட்டா' என்று கேட்டால் தருவார்கள். முறுக்கிப் பிழியாமல், கொடியில் தொங்கவிடாமல், துண்டின் மேல் பரப்பி நிழலில் உலர்த்துங்கள்.

பாச்சை உருண்டை போட்டு வைத்த துணியைக் கைக்குழந்தைக்கு அப்படியே போட வேண்டாம். அந்த உருண்டையின் நெடி சில குழந்தைகளுக்கு ரத்தச் சோகையும் மஞ்சள் காமாலையும் உண்டாக்கிவிடும். துவைத்து, வெயிலில் காய வைத்த பிறகே போட வேண்டும்.

கூலரை மறக்காதீர்கள்

கோடை முழுவதும் உழைத்த கூலர் இப்போது தண்ணீரோடு பால்கனியில் கிடக்கும். டெங்குக் கொசுவுக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது. டெல்லியில் நவம்பர் வரை டெங்கு உண்டு. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. இந்தக் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டியின் சுவரில் முட்டை ஒட்டி வைக்கும். காய்ந்துபோன முட்டையும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். ஆகவே தொட்டியின் உட்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். பழைய புல்லை எடுத்து எறிந்துவிட்டு, மோட்டாரைத் துடைத்து, பழைய படுதாவால் மூடி வையுங்கள். அடுத்த ஏப்ரலில் மெக்கானிக் செலவு மிச்சம்.

மாவு பொங்கவில்லையா?

குளிர் காலத்தில் டெல்லித் தமிழ்ப் பெண்களின் பெரிய கவலை இட்லி மாவுதான். ஊரில் ஓர் இரவில் பொங்குவது இங்கே ஒன்றரை நாள் ஆனாலும் அசையாமல் கிடக்கும். அரைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீர் விடுங்கள். உளுந்தைக் கொஞ்சம் கூட்டி, ஒரு ஸ்பூன் வெந்தயமும் சேர்த்து ஊறப் போடுங்கள். உப்பு புளிப்பைத் தாமதப்படுத்தும். அதனால் மாவு பொங்கிய பிறகு உப்புப் போடலாம். பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வையுங்கள். வெந்நீர் ஊற்றிய பெரிய பாத்திரத்துக்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கி மூடி வைத்தாலும் பலன் உண்டு.

தயிருக்கும் இதே வைத்தியம்தான். பால் கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போது, வழக்கத்தைவிட ஒரு ஸ்பூன் கூடுதலாக உறை ஊற்றுங்கள். பிறகு கோதுமை மாவு டப்பாவுக்குள் பாத்திரத்தைப் புதைத்து வையுங்கள். காலையில் கட்டித் தயிர் கிடைக்கும். இது பஞ்சாபிப் பெண்களிடம் நாம் கற்றது.

சந்தையில் மலிவு

காய்கறிக்கு டெல்லியில் இதுதான் பொற்காலம். முள்ளங்கி, பாலக், வெந்தயக் கீரை, காலிபிளவர் எல்லாம் விலை இறங்கும். சாம்பாருக்கு முருங்கைக்காய் தேடி அலைந்து பர்சைக் காலி செய்யாமல், முள்ளங்கி போட்டுச் சமாளிக்கலாம். வெந்தயக் கீரை மலியும்போது ஆய்ந்து, நிழலில் காய வைத்து டப்பாவில் போட்டு வைத்தால் கோடை வரை வரும். நெல்லிக்காயும் இப்போது வரும். ஊறுகாய் போட நல்ல நேரம். வற்றல், வடாம் போடுவதாக இருந்தால் தள்ளிப்போட வேண்டாம். மூடுபனி தொடங்கிவிட்டால் வெயிலை நம்ப முடியாது.

கார்த்திகைப் பொரிக்கு ஒரு யோசனை. நெல்பொரி இங்கே கிடைக்காது என்று பலர் நினைக்கிறார்கள். தீபாவளிக்கு வடநாட்டார் லட்சுமி பூஜையில் வைக்கும் 'கீல்' என்பது நம் நெல்பொரியேதான். தீபாவளி சமயத்தில் கொஞ்சம் கூடுதலாக வாங்கி, காற்றுப் புகாமல் கட்டி வைத்தால் கார்த்திகைக்கு ஆகும். மேற்கு உத்தரப்பிரதேசத்திலிருந்து புது வெல்லமும் இந்தச் சமயத்தில் சந்தைக்கு வந்துவிடும்.

வெந்நீர் விஷயத்தில் ஜாக்கிரதை

வாடகை அறைகளில் பலரிடம் இருப்பது வாளியில் போடும் கம்பி ஹீட்டர். கம்பியைத் தண்ணீரில் இறக்கிய பிறகே சுவிட்சைப் போட வேண்டும். சூடு பார்க்க விரலை விடுவதற்கு முன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். இரும்பு வாளி வேண்டவே வேண்டாம், மின்சாரம் பாயும்.

கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் அதையும் சிலிண்டரையும் குளியலறைக்கு வெளியே வையுங்கள். கதவைச் சாத்திய சிறிய குளியலறைக்குள் கேஸ் எரிந்தால், அடுத்துச் சொல்லப்போகும் ஆபத்து அங்கேயும் உண்டு.

அங்கீட்டி எனும் எமன்

நாற்பது ஆண்டுகளுக்கு முன், கரோல்பாக்கில் ஒரு மாடி அறையில் நாங்கள் மூன்று பேர் தங்கியிருந்தோம். ஒரு ஜனவரி இரவு, குளிர் தாங்காமல் கரி அடுப்பை அறைக்குள் வைத்து, கதவு ஜன்னல் எல்லாம் அடைத்துக்கொண்டு படுத்தோம். மூன்றாமவருக்கு அச்சகத்தில் இரவு வேலை. விடியற்காலை நாலு மணிக்கு வந்தவர் கதவைத் தட்டினார். எனக்குத் தட்டும் சத்தம் கேட்டது. ஆனால் கால் எழவில்லை. அவர் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்தார். உள்ளே வந்த அந்தக் குளிர்ந்த காற்றுதான் எங்கள் இருவரையும் பிழைக்க வைத்தது. இரண்டு நாள் தலைவலியும் வாந்தியும். கண்ணாடிக்காக வீட்டுக்காரர் ஆறு ரூபாய் பிடித்துக்கொண்டார். என் வாழ்நாளில் அதைவிட லாபமான செலவு கிடையாது.

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வெளியாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தை இது பிடித்துக்கொள்ளும். பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் கெட்டியாக ஒட்டிக்கொள்வதால் எளிதில் விலகாது. புகை இல்லாமல் கனன்று சிவந்த கரி ஆபத்தில்லை என்று நினைப்பது தவறு. தூங்குகிறவருக்கு மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது. டெல்லியில் ஒவ்வொரு குளிர் காலத்திலும் இப்படிச் சிலர் உயிரை விடுகிறார்கள். பெரும்பாலும் ஒரே அறையில் பலராகத் தங்கும் தொழிலாளர்கள், காவலாளிகள்.

அங்கீட்டியை வெளியே வைத்துக் குளிர் காயுங்கள். படுக்கப் போகும்போது உள்ளே கொண்டு வராதீர்கள். மின்சார ஹீட்டரானாலும் ரஜாய்க்குத் தள்ளி வைத்து, தூங்குவதற்கு முன் அணைத்துவிடுங்கள். தலைவலி, மயக்கம், குமட்டல் ஒன்றாக வந்தால் உடனே கதவைத் திறந்து வெளியே வாருங்கள். எழ முடியாதவரைத் தூக்கிக்கொண்டு வந்து, 112க்குப் போன் செய்யுங்கள்.

புகை மூட்டம்

அக்டோபர் கடைசியிலிருந்தே காற்று கெடுகிறது. பஞ்சாப், ஹரியானா வயல்களில் வைக்கோல் தாள் எரிக்கும் புகை, வாகனப் புகை, தூசி எல்லாம் காற்று வீசாததால் தரையோடு தங்கிவிடுகின்றன. அதிகாலை நடைப்பயிற்சியை வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. ஆஸ்துமாக்காரர்கள் மருந்தைக் கையோடு வைத்திருக்க வேண்டும்.

மறக்கக் கூடாத தேதிகள்

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. பொங்கலுக்கு ஜனவரி 12இல் புறப்படுகிறவர் நவம்பர் 13 அன்றே டிக்கெட் எடுக்க வேண்டும். மூடுபனியில் வண்டிகள் மணிக்கணக்கில் தாமதமாகும். எனவே பொங்கலன்று காலையில் போய்ச் சேரும்படி கணக்குப் போடாமல், ஒரு நாள் முன்னதாகவே சேரும்படி கிளம்புங்கள்.

மத்திய அரசு ஓய்வூதியம் பெறுவோர் நவம்பர் மாதத்தில் வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டும். 80 வயது நிறைந்தவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம்.

கடைசியாக ஒன்று. இந்த ஆண்டுதான் ஊரிலிருந்து வந்த பையன் யாராவது உங்கள் தெருவில் இருப்பான். அவனுக்கு டெல்லிக் குளிர் தெரியாது. பழைய கம்பளி ஒன்று இருந்தால் கொடுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அங்கீட்டி விஷயத்தை மட்டுமாவது அவனுக்குச் சொல்லி வையுங்கள்.