குரங்குக்குக் கடலை கொடுப்பது கருணையா?

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் போதும். பஸ்சிலும் காரிலும் மக்கள் வந்து குவிவார்கள். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று எங்கு பார்த்தாலும் மனிதத் தலைகள்தான்!

வருகிறவர்களை எதிர்பார்த்து இன்னொரு கூட்டமும் காத்திருக்கும். அவைதான் குரங்குகள். சில சுவரின்மேல் உட்கார்ந்திருக்கும். சில கடைக் கூரையில் தாவும். தாயின் வயிற்றைக் கட்டிப் பிடித்தபடி குட்டிகள் தொங்கும்.

பார்த்ததும் குழந்தைகளுக்குக் குஷி பிறந்துவிடும். "அப்பா, குரங்குக்குக் கடலை கொடுக்கலாமா?" என்று கேட்பார்கள். அப்பாவும் ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுப்பார். பிள்ளைக்கு இரக்க குணம் இருக்கிறதே என்று அவருக்குப் பெருமை.

பிள்ளையின் மனசு நல்ல மனசுதான். ஆனால், அந்தக் கடலையால் குரங்குக்கு நன்மையா? பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய பெரிய பாடம் இந்தக் கேள்வியில் இருக்கிறது.

தலையில் குல்லாய்

குற்றாலத்தில் நாம் பார்ப்பது நாட்டுக் குரங்கு. அதன் உச்சந்தலையில் மயிர் வட்டமாகப் பரந்து கிடக்கும். குல்லாய் வைத்ததுபோல் தெரிவதால் "குல்லாய்க் குரங்கு" என்றும் சொல்வார்கள். இந்தியாவின் தீபகற்பப் பகுதியைத் தவிர உலகத்தில் வேறு எந்தக் காட்டிலும் இது இயற்கையாக வாழ்வது இல்லை.

பழம், கொட்டை, தளிர், பூ, பூச்சி இவைதான் இதன் சாப்பாடு. கன்னத்தின் உட்பக்கம் இரண்டு பைகள் உண்டு. கிடைத்ததை அதில் அடக்கிக்கொண்டு, வேறு இடத்தில் போய் நிதானமாகத் தின்னும். தின்ற பழத்தின் விதை அங்கங்கே விழும். அதில் மரம் முளைக்கும். கூலி வாங்காமல் காடு வளர்க்கும் வேலைக்காரன் இந்தக் குரங்கு!

திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியிலும் குரங்குகள் வருகின்றன. அவை கையில் வைத்திருப்பது மரத்துக் கனி. பிளாஸ்டிக் பையில் அடைத்த தின்பண்டம் அல்ல.

கொடுத்ததும் மனிதன், அடிப்பதும் மனிதன்!

கைநீட்டினால் தின்பண்டம் கிடைக்கிறது என்றால், குரங்கு எதற்குக் காட்டில் அலைய வேண்டும்? அது ரோட்டுக்கு வருகிறது. ஓடும் காருக்குக் குறுக்கே பாய்கிறது. அடிபட்டுச் சாகிறது. தாய் செத்தால் பால் குடிக்கும் குட்டியின் கதி என்ன?

இன்று கொடுத்தவர் நாளை கொடுக்கமாட்டார். ஆனால், குரங்குக்கு அது தெரியாது. பையைக் கண்டால் பிடுங்கும். தடுத்தால் பிறாண்டும், கடிக்கும். பெரும்பாலும் சிக்கிக்கொள்வது சின்னக் குழந்தைதான்.

அதற்குப் பிறகு என்ன நடக்கும்? நேற்று "ஆஞ்சநேயர்" என்று கும்பிட்ட கை, இன்று கல்லை எடுக்கும். தொல்லை முற்றினால் கூண்டு வரும். பிடித்துக் கொண்டுபோய் எங்கோ விட்டால், பழகிய கூட்டமும் இல்லை. தெரிந்த மரமும் இல்லை. ஒரு பொட்டலம் கடலையில் தொடங்கிய வினை இது.

சட்டமும் சொல்கிறது

பிராணிகளிடம் கருணை வேண்டும் என்பதை நம் நாட்டில் சட்டமாக்கப் பாடுபட்டவர் ஒரு தமிழ்நாட்டுப் பெண்மணி. சென்னையில் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல்தான் அவர். 1952-ல் ராஜ்யசபை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். மறு ஆண்டே பிராணிகள் வதையைத் தடுக்க மசோதா கொண்டுவந்தார். அவருடைய முயற்சியின் பலனாக 1960-ல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1962-ல் பிராணிகள் நல வாரியம் அமைந்தது. அதற்கு முதல் தலைவரும் அவரே.

தண்டனை மட்டும் போதாது என்பது அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. சொற்பொழிவு, புத்தகம், சுவரொட்டி, சினிமா மூலம் மக்களுக்குக் கருணையைக் கற்பிப்பதும் வாரியத்தின் வேலை என்று அது சொல்கிறது. உயிர்களிடம் இரக்கம் காட்டுவது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று 1976-ல் அரசியல் சட்டத்திலும் சேர்க்கப்பட்டது.

பிள்ளைகளுக்கு என்ன சொல்லலாம்?

"கொடுக்காதே" என்று மட்டும் சொன்னால் பிள்ளையின் முகம் வாடிவிடும். அதற்குப் பதில் ஒரு வேலை கொடுங்கள். தள்ளி நின்று கவனிக்கச் சொல்லுங்கள். கூட்டத்தில் எத்தனை குரங்கு? குட்டியைத் தூக்குவது யார்? யாருக்கு யார் பேன் பார்க்கிறார்கள்? தென்காசி, இலஞ்சி, செங்கோட்டைப் பள்ளிக்கூடங்களுக்கு இதைவிட நல்ல இயற்கைப் பாடம் பக்கத்தில் கிடைக்குமா?

இன்னும் சில பாடங்களும் உண்டு. தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு குரங்குக்குப் பக்கத்தில் போகக்கூடாது. கண்ணோடு கண் முறைத்துப் பார்க்கக்கூடாது. சண்டைக்கு அழைப்பதாக அது நினைக்கும். குட்டியைத் தொடவே கூடாது. மிச்சம் மீதியையும் காகிதத்தையும் குப்பைத் தொட்டியில்தான் போட வேண்டும்.

கடித்தாலும் பிறாண்டினாலும் திட்டுவார்களே என்று மறைக்கக்கூடாது. உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும். தாமதம் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெறிநோய் முற்றி அறிகுறி தெரிந்தபின் பிழைப்பது மிக மிக அரிது. ஊசி உரிய காலத்தில் போட்டால் பயம் இல்லை. நாய்க்கடிக்கும் இதே விதிதான். பிள்ளை உண்மையைச் சொன்னால், பெற்றோர் திட்டாமல் கேட்க வேண்டும்.

விட்டுக் கொடுப்பதும் கருணையே

சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் அதை ஒட்டித்தான் உள்ளது. தூர தேசப் பறவைகள் அங்கே வந்து தங்கும். அவை மிரண்டு போகக்கூடாது என்பதற்காக அந்த ஊரார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதே இல்லை. வெடி என்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை இருக்காது? ஆனாலும், பறவைக்காக அந்த ஊர்ப் பிள்ளைகள் அதை விட்டுக் கொடுக்கிறார்கள்.

எதையாவது எடுத்துக் கொடுப்பது ஒரு கருணை. அந்த உயிருக்கு எது நல்லது என்று தெரிந்து, நம் ஆசையை அடக்குவது அதைவிடப் பெரிய கருணை. ஊருக்கு வந்த விருந்தாளிக்காக அங்கே வெடியையே விட்டுவிட்டார்கள். இங்கே கூடவே குடியிருக்கும் குரங்குக்காக ஒரு கடலைப் பொட்டலத்தை விடக்கூடாதா?