மெத்தைப் போர்வையில் ஓர் உராய்வுப் பாடம்

மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவே பஞ்சு. மூன்றையும் சேர்த்துத் தைத்தால் மெத்தைப் போர்வை. வட இந்தியாவில் இதை ரஜாய் என்பர். பஞ்சில் அடைபட்ட காற்று அரிதிற் கடத்தி. ஆகவே உடல் வெப்பம் எளிதில் வெளியேறுவதில்லை.

இதை முதன்முறையாகத் தையல் இயந்திரத்தில் தைப்பவர் ஓரங்களைச் சரியாகப் பொருத்தியே தொடங்குவார். முடிவிலோ மேல்துணி மட்டும் நீண்டு நிற்கும். "என் கை சரியில்லை" என்று நொந்துகொள்வார். குற்றம் கையில் இல்லை, உராய்வில் இருக்கிறது.

இயந்திரத் தட்டின் பற்கள் கீழ்த்துணியை முன்னே தள்ளுகின்றன. மேலிருந்து அழுத்தும் பாதமோ நகர்வதில்லை. அதன் உராய்வு மேல்துணியைத் தடுக்கிறது. நடுவில் பஞ்சு நெகிழ்வதால் மேல்துணி பின்தங்குகிறது. ஒரு தையலுக்கு 0.05 மி.மீ. பின்தங்குவதாகக் கொள்வோம். 400 தையல்களில் அது 2 செ.மீ. ஆகிவிடும்!

இதற்கு என்ன வழி? மேல்துணியையும் பற்களால் நகர்த்தும் 'வாக்கிங் ஃபுட்' என்னும் பாதத்தைப் பொருத்தலாம். அது இல்லையெனில், நெருக்கமாக ஊக்குகள் குத்தி, நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தைக்கலாம். போர்வை கீழே தொங்கினால் அதன் எடையும் பின்னிழுக்கும், தையல்கள் குறுகும். ஆகவே இயந்திரத்தின் இடப்புறமும் பின்புறமும் அதே உயரத்தில் மேசை இருப்பது நல்லது.

30 செ.மீ. நீளத் துணிகள் இரண்டைப் பஞ்சு வைத்தும், வைக்காமலும் தைத்துப் பாருங்கள். வேறுபாட்டை நீங்களே அளந்தறியலாம்.