தறி வீட்டில் சாப்பாட்டு மேஜைக்கு இடமுண்டா?

நெசவாளர் வீட்டிற்கும் மற்றவர் வீட்டிற்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. மற்றவர்க்கு வீடு இளைப்பாறும் இடம்; நெசவாளர்க்கோ அதுவே தொழிற்கூடம். கூடத்தின் நடுவே தறிக்குழி. அதன் முன்னே நீண்டு செல்லும் பாவு. மூலையில் தார் சுற்றும் இராட்டை. பரண்மேல் நூல் சிப்பங்கள். விவசாயியின் வீடும் அறுவடைக் காலத்தில் இந்நிலையை அடைவது யாவரும் அறிந்ததே. நெல் மூட்டையும் கடலை மூட்டையும் கூடத்தை அடைத்துக்கொண்டபின், வீட்டார் ஒதுங்கித்தான் நடக்கவேண்டும். இத்தகைய வீடுகளில் ஒரு சதுர அடித் தரையும் தொழிலுக்கு இட்ட முதலுக்கு ஒப்பாகும்.

இவ்வீடுகளுக்குள் இப்பொழுது சாப்பாட்டு மேஜையும் வந்து இறங்குகின்றது. சில வீடுகளில் சீர்வரிசையோடு வருகின்றது; சில வீடுகளில் தவணைக் கடன் மூலம் வருகின்றது. மேஜையில் உண்பது தவறென்று கூறுவது என் நோக்கமன்று. அதற்கு நாம் கொடுக்கும் விலை கடைக்காரரின் பட்டியலில் காணும் தொகையோடு முடிந்துவிடுவதில்லை என்பதையே ஈண்டு எடுத்துக் காட்ட விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு, சேலத்தை அடுத்த ஓர் ஊரில், சங்கத் தறிகளின் எண்ணிக்கையைச் சரிபார்ப்பதற்காக வீடு வீடாகச் சென்றுகொண்டிருந்தேன். ஒரு வீட்டில் இரண்டு தறிகள் இருப்பதாகப் பதிவேடு கூறிற்று. உள்ளே ஓடியது ஒன்றே. மற்றொன்று இருந்த குழியைப் பலகையால் மூடி, அதன்மேல் நால்வர் அமரும் மேஜையொன்றைப் போட்டிருந்தனர். அச்சும் விழுதும் கோணியில் சுற்றப்பட்டுப் பரண்மேல் கிடந்தன. மேஜையின்மீது மடித்த துணிகளும், நூற்கண்டுகளும், பிள்ளைகளின் புத்தகங்களும் குவிந்திருந்தன. ஒரு மூலையில் மட்டும் ஒரு தட்டு வைக்கும் அளவிற்கு இடம் இருந்தது.

காரணத்தை வினவினேன். வீட்டுப் பெரியவர்க்கு முழங்கால் மடங்குவதில்லை. தரையில் அமர்ந்தால் இருவர் கைகொடுத்துத் தூக்கவேண்டும். அதற்கு நாணி அவர் இரவு உணவையே தவிர்க்கத் தொடங்கிவிட்டார். மகன் மனம் பொறாமல், தவணைக்கு அந்த மேஜையை வாங்கினார். மகனின் செயலில் குற்றம் காண யாரால் இயலும்? ஆயினும் அகற்றப்பட்ட தறி மருமகள் நெய்துவந்த தறி. சங்கத்தின் கூலிப் பட்டியலில் ஏழு மாதமாக அவ்வம்மையின் பெயர் இல்லை. மேஜை வந்தபின்னும் அவர் அடுக்களைத் தரையில் அமர்ந்தே உண்டுவந்தார். "மாமா சாப்பிட்டால் போதும் சார்" என்று அவர் சொன்னார். பெரியவரோ, "தம்பி, எனக்கு ஒரு தட்டு வைக்க இடம் போதும். அதற்காக ஒரு தறியை அவிழ்த்துவிட்டார்களே!" என்று வருந்தினார்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். நால்வர் அமரும் சிறிய மேஜை நான்கு அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் உடையது. அது பத்துச் சதுர அடிதானே என்று தோன்றும். ஆனால், நாற்காலியை இழுத்து அமர்வதற்கு ஒவ்வொரு பக்கமும் குறைந்தது இரண்டரை அடி வேண்டும். ஆகவே நீளம் நான்கு அடி, அகலம் ஏழரை அடி. மொத்தம் முப்பது சதுர அடி. மூன்று வேளை உணவிற்கு வேளைக்கு அரைமணி வீதம் ஒன்றரை மணி நேரம் அது பயன்படுகின்றது. எஞ்சிய இருபத்திரண்டரை மணி நேரமும், நாற்காலிகளை உள்ளே தள்ளி வைத்தாலும், ஏறக்குறைய பாதி இடத்தை அது பிடித்துக்கொண்டே நிற்கின்றது. தறி வீட்டிற்கு வேண்டியது, உண்ணும்பொழுது விரிந்து, உண்டபின் மறையும் ஏற்பாடாகும்.

பிறநாட்டார் இதனை எவ்வாறு சமாளித்தனர் என்பது அறியத்தக்கது. ஜப்பானிய இல்லங்களில் 'சாபுடாய்' எனப்படும் குட்டை மேஜை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரவலாக வழங்கிற்று. உணவு முடிந்ததும் அதன் கால்களை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிடுவர். உண்ட அறையே உறங்கும் அறையாகிவிடும். 1955இல் நிறுவப்பெற்ற ஜப்பான் வீட்டுவசதிக் கழகம், சமையலறையோடு உணவிடத்தையும் சேர்த்து அடுக்கு வீடுகளைக் கட்டியபின்னரே, நாற்காலியிட்டு உண்ணும் உயர்ந்த மேஜை அங்கே வெகுவாகப் பரவலாயிற்று. இடத்தை முதலில் வகுத்தனர். மேஜை பின்னர் வந்தது. நாமோ மேஜையை முதலில் வாங்கிவிட்டு, அதற்கு இடம் தேடித் தறிக்குழியை மூடுகின்றோம்.

நம் வீடுகளுக்கு ஏற்ற வழிகள் நான்கினை இனிக் கூறுவேன்.

முதலாவது, பாய். தரையில் அமர இயன்றவர்க்கு இதனினும் சிக்கனமான ஏற்பாடு இல்லை. ஒருவர்க்கு இரண்டடி வீதம் நால்வர்க்கு எட்டடி நீளமும், இலைக்கும் சேர்த்து மூன்றடி அகலமும் தேவை. இது இருபத்துநான்கு சதுர அடிதான்; அதுவும் அரைமணி நேரத்திற்கு மட்டுமே. சுருட்டி மூலையில் நிறுத்தினால் அரையடி இடம் போதும். காவிரிக் கரையில் கரூர், நாமக்கல் பக்கங்களில் கோரை பயிரிடுவோர்க்கும் இதனால் பயனுண்டு. பந்திப்பாயோ, பவானி ஜமக்காளமோ வாங்கினால் அப்பணம் மற்றொரு நெசவாளர் வீட்டிற்கே செல்லும். பத்தமடைக் கோரைப்பாயின் நயமான வகைகளை மட்டும் விருந்தினர்க்கென்று வைத்துக்கொள்வது நலம். நாள்தோறும் சோறும் குழம்பும் சிந்துமிடத்திற்கு அவை ஏற்றவையல்ல.

இரண்டாவது, மணையும் குட்டைப் பலகையும். முழங்கால் சற்றே பிடிப்பவர்கள் ஆறு அங்குல உயரமுள்ள மணையில் அமர்ந்தால் மடக்கும் துன்பம் குறையும், எழுவதும் எளிதாகும். இராஜஸ்தானத்தில் 'பாஜோட்' எனப்படும் குட்டைப் பலகையின்மேல் தட்டை வைத்துத் தரையில் அமர்ந்து உண்பர். தட்டு உயர்ந்திருப்பதால் முதுகு அதிகம் குனியவேண்டியதில்லை. நம் ஊர்த் தச்சரே இதனைச் செய்து தருவார்.

மூன்றாவது, மடக்கு மேஜை. சுவர் மண்சுவராக இருந்தால் ஆணியும் திருகாணியும் பிடித்து நிற்பதில்லை. அத்தகைய வீடுகளுக்குக் கால்களை மடக்கிச் சாய்த்து வைக்கும் மேஜையே தக்கது. இதற்கேற்ற நாற்காலிகளும் மடங்குவனவாகவோ, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கத்தக்கனவாகவோ இருத்தல் வேண்டும். நாற்காலிகள் நான்கும் நான்கு இடத்தில் நிற்குமாயின் மேஜையை மடக்கியும் பயனில்லை.

நான்காவது, சுவரில் கீல் வைத்துத் தொங்கவிடும் பலகை. செங்கற்சுவர் உள்ள வீட்டில் முதியவர் ஒருவர்க்கு இதுவே சாலச் சிறந்தது. இரண்டடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள பலகை ஒரு தட்டு, ஒரு குவளை, ஒரு கிண்ணத்திற்குத் தாராளமாகப் போதும். தரையிலிருந்து இருபத்தொன்பது அங்குல உயரத்தில், இரண்டு அங்குலக் கனமுள்ள மரச்சட்டத்தைச் சுவரில் உறுதியாகப் பதித்து, அதில் பலகையைக் கீலால் இணைக்கவேண்டும். கீழே, கதவைப்போல் திறந்து மூடும் முக்கோணத் தாங்கியொன்று பலகையை ஏந்தி நிற்கும். தாங்கியைச் சுவரோடு மூடினால் பலகை கீழே தொங்கிவிடும். சுவரிலிருந்து நீளும் பாகம் இருபத்தெட்டு அங்குலத்திற்கு மேற்படலாகாது. மேற்பட்டால் தொங்கும்பொழுது தரையில் இடிக்கும். குழந்தைகள் ஏறி அமராதவாறு, உண்ணாத வேளைகளில் அதனைத் தொங்கவிட்டுக் கொக்கியிட்டு வைத்தல் அவசியம். முதியவர்க்கு முக்காலி கூடாது. கை ஊன்றி எழுவதற்குக் கைப்பிடியுள்ள நாற்காலியே வேண்டும். இருக்கையின் உயரம் பதினேழு பதினெட்டு அங்குலம் இருக்கலாம்.

எந்த வழியை மேற்கொண்டாலும் ஒன்றை மறத்தலாகாது. உண்ணுமிடம் பாவிற்கு எட்டியிருத்தல் வேண்டும். ஒரு துளிக் குழம்பு பாவின்மேல் தெறித்தால், நெய்த சேலை கறைபட்ட சேலையாகிவிடும். பலநாள் உழைப்பிற்குரிய கூலியில் பிடித்தம் நேரும். சிந்திய பருக்கை எலியை அழைக்கும். வந்த எலி பருக்கையோடு நிற்காது, நூலையும் கடிக்கும்.

முற்கூறிய வீட்டிற்கு மீண்டும் வருகிறேன். ஊர்த் தச்சரை அழைத்து, அந்த மேஜையின் பலகையிலிருந்தே வேண்டிய அளவை அறுத்து, சுவரில் பொருத்தினர். எஞ்சிய பலகை இரண்டு மணைகளாயிற்று. முதல் நாள் ஒரு குறை நேர்ந்தது. பலகையின் நீண்ட பக்கத்தைச் சுவரில் பொருத்தியிருந்தமையால் பெரியவர் சுவரைப் பார்த்தே உண்ணவேண்டியிருந்தது. "என்னைச் சுவரோடு பேச வைத்துவிட்டாயே!" என்று மகனிடம் கூறினாராம். இரண்டடி கொண்ட பக்கம் சுவரிலிருந்து வெளியே நீளுமாறு அதனை மாற்றிப் பொருத்தினர். இப்பொழுது சுவர் அவர் தோளுக்குப் பக்கத்தில் இருக்கின்றது. எதிரே பாய் விரித்து மகனும் பேரப்பிள்ளைகளும் அமர்கின்றனர். மேஜைக்குரிய தவணையில் இன்னும் சில மாதங்கள் பாக்கி இருக்கின்றன. அதனைக் கட்டித்தான் தீரவேண்டும்.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் அவ்வூருக்குச் சென்றேன். குழியை மூடிய பலகை எடுக்கப்பட்டிருந்தது. தறி ஓடும் ஓசை தெருவிலேயே கேட்டது. கூலிப் பட்டியலில் மருமகளின் பெயர் மீண்டும் ஏறியிருந்தது. நண்பகலில் அவர் தறியைவிட்டு எழுந்து, மாமனாரின் பலகையைத் தூக்கித் தாங்கியைத் திறந்து, தட்டை வைத்தார். பின்னர் மற்றொரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து அருகிலிருந்த மணையில் தாமும் அமர்ந்தார். "இவள் அடுக்களையில் தனியே சாப்பிடக்கூடாதென்று சொல்லிவிட்டேன், தம்பி" என்றார் பெரியவர்.

வீட்டிற்கு ஒரு பொருளை வாங்குமுன் அதன் விலையை மட்டும் கேட்டு வருதல் போதாது. அது நிற்கும் இடத்தை அடிக்கோலால் அளந்து, அவ்விடத்தில் இன்று என்ன நிற்கிறது, அதனால் யாருக்குப் பிழைப்பு என்பதையும் எண்ணிப் பார்த்தபின் வாங்குங்கள். சங்கத்தின் அங்கத்தினர்க்கு நான் கூறும் யோசனை இதுவே.