மூன்று வைத்தியர்களும் ஒரு நோயும்

வீட்டிலே விளக்கு மங்குகிறது. மின்விசிறி மெதுவாகச் சுழல்கிறது. நீர் இறைக்கும் இயந்திரமும் முனகுகிறது. இவற்றைத் தனித்தனியே பழுதுபார்க்க மூவரை அழைப்பார் எவருமிலர். மின்சாரம் குறைந்துவிட்டது என்பதை வீட்டிலுள்ள சிறுவனும் அறிவான். ஆனால், மனித உடலில் இத்தகைய குறை தோன்றும்போது நாம் அவ்வாறு எண்ணிப் பார்ப்பதில்லை.

நாற்பது வயதை எட்டாத ஒரு குடும்பப் பெண்ணை மனக்கண்முன் நிறுத்துங்கள். காது சற்று மந்தம். அதற்குக் காது வைத்தியரிடம் செல்கிறாள். நீரிழிவு உண்டு; அதற்கு வேறொரு கிளினிக்கில் புத்தகம் வைத்திருக்கிறாள். படியேறினால் கால்கள் சோர்கின்றன. வீட்டு வேலையால் வந்த களைப்பு என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறாள். மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்துவிட்டது. வெட்கத்தினால் அதனை எவரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு வைத்தியரும் தம்மிடம் சொல்லப்பட்டதைச் செவ்வனே கவனிக்கிறார். ஆயினும், நோய் முழுவதையும் ஒருவரும் காணவில்லை.

இவள் கற்பனைப் பெண்ணே. ஆனால், இழைமணி நோயுள்ள பெண்கள் பலருடைய வரலாறு இவ்வாறே தொடங்குகிறது.

கலத்தினுள் எரியும் அடுப்பு

உயிரியல் கற்கும் மாணவர் இழைமணி என்னும் சொல்லை நன்கு அறிவர். மைற்றோகொண்ட்ரியா என்று ஆங்கிலத்தில் வழங்கப்படுவது இதுவே. எமது உடற் கலங்களினுள்ளே இருக்கும் இந்த நுண்ணிய உறுப்புகள், உண்ட உணவின் சத்தையும் சுவாசித்த ஒட்சிசனையும் கொண்டு சக்தியை ஆக்கித் தருகின்றன. கலத்தின் அடுப்பு என்று இவற்றைச் சொல்லலாம். அடுப்பு அணைந்தால் வீடு முழுவதும் பட்டினி கிடப்பதுபோல, இழைமணி குன்றினால் உடலின் பல பாகங்களும் ஒருங்கே வாடும். அதிக சக்தியை வேண்டுகின்ற மூளை, கண், உட்காது, இருதயம், தசை ஆகியவை முதலில் வாடுவன.

சூலகத்தையும் இந்த வரிசையிற் சேர்த்தல் வேண்டும். முதிர்ந்த ஒரு முட்டையினுள்ளே இழைமணி டீ.என்.ஏ.யின் பிரதிகள் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டு இருக்கின்றன. இன்னுமோர் உறவும் உண்டு. ஈஸ்திரஜன், புரொஜெஸ்தரோன் ஆகிய ஓமோன்கள் கொலஸ்தரோலிலிருந்து ஆக்கப்படுவன. அந்த ஆக்கத்தின் முதற்படி இழைமணியின் உள்மென்சவ்விலேயே நிகழ்கிறது. ஆகவே, இழைமணி நோயுற்ற பெண்ணுக்கு மாதவிடாய்க் கோளாறு வருவது வியப்பன்று. அதனை நோயின் ஒரு பகுதியாக எண்ணாது விடுவதே வியப்பு.

இரு சகோதரிகளின் கதை

1951ஆம் ஆண்டில் பெரோ என்னும் பிரான்சிய வைத்தியர் இரு சகோதரிகளைப் பற்றி எழுதினார். இருவருக்கும் செவிப்புலன் இல்லை. இருவருக்கும் சூலகம் சரிவர வளரவில்லை. காதுக்கும் சூலகத்திற்கும் என்ன தொடர்பு என்பதை அக்காலத்தில் எவராலும் விளக்க முடியவில்லை.

பதினொரு ஆண்டுகள் கழிந்தன. 1962ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டில் ரோல்ப் லுப்ட் என்பவரும் அவருடைய தோழர்களும் முப்பத்தைந்து வயதுடைய ஒரு பெண்மணியின் நோயை விவரித்தனர். நிறைய உண்டும் அவர் மெலிந்தார், ஓயாது வியர்த்தார். தைரொயிட் சுரப்பியின் மீது ஐயம் எழுந்தது. ஆனால் அச்சுரப்பியிற் குற்றம் இருக்கவில்லை. தசையை ஆராய்ந்தபோது, இழைமணிகள் எரிபொருளை வீணே எரித்து வெப்பமாக்கியமை புலனாயிற்று. இழைமணியிற் குறையுண்டு என்று முதன்முதலாக அறியப்பட்ட நோயாளி அப்பெண்மணியே. இழைமணி டீ.என்.ஏ.யில் ஏற்படும் விகாரங்கள் மனிதருக்கு நோய் விளைப்பதை 1988ஆம் ஆண்டின் ஆராய்ச்சிகள் நிறுவின.

சகோதரிகளின் புதிருக்கு விடை கிடைக்க மேலும் பல ஆண்டுகள் சென்றன. பெரோவின் பெயரால் வழங்கும் அந்நோய்க்குக் காரணமான பரம்பரையலகுகள் சில, இழைமணியினுள் புரதம் ஆக்குவதற்கு வேண்டியவை என்பது 2011ஆம் ஆண்டிலும் 2013ஆம் ஆண்டிலும் வெளிவந்த ஆய்வுகளால் தெரியவந்தது. இந்நோயுள்ள குடும்பத்தில் ஆண்பிள்ளைக்குச் செவிட்டுத்தன்மை மட்டுமே தோன்றும். பெண்பிள்ளையோ பூப்பெய்தாமல் இருக்கலாம்; அல்லது பூப்பெய்திய பின் இளமையிலேயே மாதவிடாய் நின்றுவிடலாம். செவிப்புலன் குறைந்த மகள் பதினைந்து வயதாகியும் பூப்பெய்தாவிடின், "இன்னும் சிறிது பார்ப்போம்" என்று பெற்றோர் காத்திருத்தல் தகாது.

வேறு வகைகளும் உள. இழைமணி டீ.என்.ஏ.யைப் பிரதி செய்யும் நொதியத்திற்கு உரியது பொல்ஜி எனப்படும் பரம்பரையலகு. அதில் விகாரமுள்ள சில குடும்பங்களில் பெண்களுக்கு மாதவிடாய் முற்கூட்டியே நின்றமையும், பின்னர் பார்க்கின்சன் நோயின் அறிகுறிகள் தோன்றியமையும் 2004ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியிற் காட்டப்பட்டன.

ஓமோன் சிகிச்சை எதற்கு?

நாற்பது வயதிற்கு முன் சூலகம் தன் தொழிலைக் கைவிடுமாயின், மகப்பேறு தடைப்படும் என்பதே பலருடைய கவலை. பிள்ளைகள் பிறந்துவிட்டால், "மாதத் தொல்லை நீங்கியது" என்று மகிழ்வோரும் உளர். இரண்டும் முழு உண்மையாகா. ஈஸ்திரஜன் கருப்பைக்கு மட்டும் உரிய பொருளன்று. என்பு உறுதியாயிருப்பதற்கும் இரத்தக் குழாய்கள் நலமாயிருப்பதற்கும் அது உதவுகிறது. இளம் வயதில் அதனை இழந்த பெண்ணுக்கு என்பு நலிவு விரைவில் வரும்; இருதய நோய்க்கும் ஏது உண்டாகும். தசை ஏற்கெனவே தளர்ந்து, நடை தள்ளாடும் ஒருத்தி விழுந்தால், நலிந்த என்பு முறிவது எளிது.

ஆகவே, தக்க தடை எதுவும் இல்லாவிடின், இயற்கையாக மாதவிடாய் நிற்கும் ஐம்பது வயதளவு வரை, இழந்த ஓமோனை ஈடுசெய்ய வேண்டும் என்பது மருத்துவ உலகின் பொதுக் கொள்கை. கருப்பை உள்ளவருக்கு ஈஸ்திரஜனுடன் புரொஜெஸ்தரோன் வகை மருந்தையும் சேர்த்தே கொடுப்பர். ஈஸ்திரஜனைத் தனியே கொடுத்தால் கருப்பையின் உட்படலம் மிகையாக வளர்ந்து புற்றுநோய்க்கு இடமாகலாம்.

"ஓமோன் ஆபத்தானது என்று படித்தேனே" என்று சிலர் கேட்கக்கூடும். 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு பெரும் ஆராய்ச்சி இடைநடுவில் நிறுத்தப்பட்டதிலிருந்து இவ்வச்சம் பரவிற்று. அதில் பங்குபற்றிய பெண்களின் சராசரி வயது அறுபத்துமூன்று. முதுமையை நெருங்கியவருக்கு மேலதிகமாக ஓமோன் கொடுப்பது வேறு. முப்பது வயதுப் பெண் இழந்ததைத் திருப்பிக் கொடுப்பது வேறு.

குளிசையா, ஒட்டும் பட்டையா?

எனினும், இழைமணி நோயாளருக்கு மருந்தின் வகையையும் அதனை ஏற்றும் வழியையும் ஆராய்ந்தே தெரிதல் வேண்டும். வாயால் விழுங்கும் ஈஸ்திரஜன் குளிசை முதலில் ஈரலுக்குச் செல்கிறது. அங்கே இரத்தத்தை உறையச் செய்யும் பொருள்கள் பெருகுகின்றன. தோலில் ஒட்டும் பட்டை, பூசும் களி ஆகியவற்றின் வழியே செல்லும் ஈஸ்திரஜன் ஈரலை முதலில் அடைவதில்லை. வழக்கமான அளவிற் கொடுக்கும்போது இரத்தம் உறையும் ஆபத்தும் அதனால் கூடுவதாகத் தெரியவில்லை. இழைமணி நோயின் சில வகைகளில் ஒற்றைத் தலைவலியும், பாரிசவாதத்தை ஒத்த தாக்கமும், இருதயத் தசை நோயும் காணப்படும். அத்தகையோருக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

கருத்தடைக் குளிசை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கண்முன் ஒளிக்கோடுகள் தோன்றிப் பின்னர் ஒற்றைத் தலைவலி வரும் பெண்கள், ஈஸ்திரஜன் கலந்த கருத்தடைக் குளிசையை உபயோகித்தல் ஆகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் விதி. புரொஜெஸ்தரோன் வகை மருந்து மட்டும் அடங்கிய முறைகள் இவர்களுக்கு உண்டு. அவற்றுள், கருப்பையினுள் வைக்கப்படும் லெவோநோஜெஸ்திரல் சாதனம் மிகையான இரத்தப்போக்கையும் குறைக்கும். மூன்று மாதத்திற்கொரு முறை போடப்படும் ஊசிமருந்து என்பின் அடர்த்தியைக் குறைப்பது. ஆகையால் என்பு நலிந்தவருக்கு உகந்ததன்று. வலிப்புக்காகப் பெனிற்றோயின், காபமசெப்பீன் முதலிய மருந்துகளை உட்கொள்பவருக்குக் கருத்தடைக் குளிசையின் பலன் குன்றிவிடும் என்பதும் நினைவிலிருக்க வேண்டும்.

மிகையான இரத்தப்போக்கைப் பெண்ணாய்ப் பிறந்ததன் பயன் என்று பொறுத்துக்கொள்ளும் வழக்கம் எம்மிடையே உண்டு. இழைமணி நோயுள்ளவர் இதிற் பொறுமை காட்டலாகாது. குருதிச்சோகை உண்டானால் கலங்களுக்குச் செல்லும் ஒட்சிசன் குறையும். அரைகுறையாக எரியும் அடுப்பிற்குக் காற்றையும் அடைத்ததுபோல் ஆகும்.

ஏனைய மருந்துகளிலும் எச்சரிக்கை வேண்டும். பொல்ஜி விகாரமுள்ளவருக்கு வல்புரோயேற்று என்னும் வலிப்பு மருந்து ஈரலை அழித்து உயிருக்கே கேடு விளைக்கும். கருவிலுள்ள சிசுவிற்கும் அது தீங்கானது. பிரசவத்தின் பின் கிருமி தொற்றினால் கொடுக்கப்படும் ஜென்ராமைசின், இழைமணி டீ.என்.ஏ.யில் ஒருவகை விகாரமுள்ளவரை நிரந்தரமாகச் செவிடாக்கக்கூடும். சத்திரசிகிச்சைக்கு முன் நெடுநேரம் பட்டினி கிடப்பதும் இவர்களுக்கு ஒவ்வாது. ஆதலின், கருப்பைச் சத்திரசிகிச்சை சிறிதாயினும் மயக்கமருந்து கொடுக்கும் வைத்தியரிடம் நோயின் பெயரை முன்கூட்டியே சொல்லுதல் கடமை.

பழி யாருக்கு?

இழைமணி டீ.என்.ஏ. தாயிடமிருந்தே பிள்ளைகளுக்குச் செல்கிறது என்பது உண்மை. இதனைக் கேட்டதும், "மருமகளால் வந்த வினை" என்று பேசத் துணிவோர் இருப்பர். அவர்கள் மேலும் சிறிது கேட்க வேண்டும். இழைமணியின் சொந்த டீ.என்.ஏ.யில் முப்பத்தேழு பரம்பரையலகுகளே உள. இழைமணிக்கு வேண்டிய ஏனைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட பரம்பரையலகுகள் கலத்தின் கருவில் இருப்பன. அவை தாய் தந்தை இருவரிடமிருந்தும் வருவன. பெரோவின் நோய், தந்தையும் தாயும் ஒவ்வொரு குறைப்பிரதியை அறியாமல் வைத்திருந்தபோது பிள்ளைக்கு வருவது. நெருங்கிய சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இத்தகைய நோய்கள் தோன்றும் வாய்ப்பு அதிகம்.

தாய்வழியே வரும் வகையிலும் தாய் செய்த குற்றம் ஒன்றுமில்லை. நல்லனவும் குறையுள்ளனவும் கலந்த இழைமணிகள் முட்டைக்கு முட்டை வேறுபட்ட அளவிற் பகிரப்படுகின்றன. ஒரு பிள்ளை கடுமையாக நோயுற, மற்றொரு பிள்ளை நலமாயிருப்பதன் காரணம் இதுவே. பிரித்தானியாவில் 2015ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டத்தின் பயனாக, இன்னொரு பெண்ணின் முட்டையிலுள்ள நல்ல இழைமணிகளைக் கொண்டு பிள்ளை பெறும் முறை அனுமதிக்கப்பட்டது. நியூகாசில் நகரில் இம்முறையால் எட்டுக் குழந்தைகள் பிறந்த செய்தி 2025ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வெளியாயிற்று.

ஒரு கொப்பி போதும்

ஓமோன் சிகிச்சை இழைமணி நோயை மாற்றிவிடாது. இந்நோயாளருக்கென்றே நடாத்தப்பட்ட பெரிய பரிசோதனைகளும் இல்லை. ஆதலின், நரம்பியல் வைத்தியரும் பெண்ணோயியல் வைத்தியரும் ஒருவரோடொருவர் கலந்து, அவரவர் நோய்க்கேற்ப முடிவு செய்தலே முறை. அயலவருக்கு உதவிய குளிசையைக் கேட்டு வாங்கி விழுங்குதல் அறிவுடைமையன்று. பத்திரிகையிற் படித்துவிட்டு உட்கொள்ளும் ஓமோனைத் தாமே நிறுத்துவதும் அவ்வாறே.

நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஓர் அப்பியாசக் கொப்பியை எடுங்கள். மாதவிடாய் எப்பொழுது தொடங்கிற்று, எவ்வளவு போகிறது, எப்பொழுது நின்றது என்று எழுதுங்கள். தலைவலியோ வலிப்போ களைப்போ மாதத்தின் எந்நாளில் மிகுகிறது என்பதையும் குறியுங்கள். உட்கொள்ளும் மருந்துகள் யாவற்றையும் அதிலே எழுதுங்கள். குடும்பத்தில் காது கேளாதவர், இளமையில் நீரிழிவு கண்டவர், கண்ணிமை சோர்ந்து தொங்கியவர், இளமையில் மாதவிடாய் நின்ற பெரியம்மா, சின்னம்மா, அம்மம்மா எவரேனும் உண்டாயின் அதனையும் கேட்டு எழுதுங்கள். எந்த வைத்தியரிடம் சென்றாலும் அக்கொப்பியைக் கொண்டு செல்லுங்கள்.

காதின் கதையை ஒருவரிடமும், நீரிழிவின் கதையை வேறொருவரிடமும் சொல்லி, மாதவிடாயின் கதையைத் தன் மனத்துள்ளே புதைத்து வைத்தாள் அந்தக் கற்பனைப் பெண். மூன்றையும் ஒரே இடத்திற் சொல்லியிருந்தால், மங்கியது விளக்கு மட்டுமன்று என்பதை வைத்தியர் அன்றே உணர்ந்திருப்பார். வெட்கத்திற்காக ஒரு பெண் தன் என்பையும் உயிரையும் விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை. இதனை எங்கள் பெண்பிள்ளைகளுக்குத் தாய்மாரே முதலில் எடுத்துச் சொல்லல் வேண்டும்.