மீனுக்கும் வந்தாச்சு தடுப்பூசி!

மகனுக்குத் தடுப்பூசி போடத் தூக்கிக்கொண்டு போனால், அவனுக்கு முன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆசாமி நான். என்னிடம் வந்து, "நார்வேயில பண்ணை மீனுக்கெல்லாம் வயித்துல ஊசி போடறாங்க, தெரியுமா?" என்றார் பக்கத்து ஸீட்காரர். "யார்கிட்ட ஸார் ரீல் விடறீங்க?" என்று சிரித்துவிட்டு, அப்புறம் தேடிப் படித்தால்... மனுஷன் சொன்னது அத்தனையும் நிஜம்!

நார்வேக்காரர்கள் கடலில் வலைக்கூண்டு கட்டி சால்மன் வளர்க்கிறார்கள். ஒரே கூண்டில் ஆயிரக்கணக்கில்! காலை நேர மின்சார ரயில் மாதிரிதான். ஒருத்தன் தும்மினால் பெட்டிக்கே ஜலதோஷம். 1970களின் கடைசியில் ஹித்ரா தீவுப் பக்கம் ஒரு குளிர்கால நோய் கிளம்பியது. 1985-ல் ஸ்காட்லாந்திலிருந்து வாங்கிய குஞ்சுகளோடு, உடம்பில் கட்டி கிளப்பும் ஃபுரன்குலோசிஸ் வேறு வந்திறங்கியது. பண்ணைக்காரர்கள் தீவனத்தில் ஆன்ட்டிபயாடிக்கைக் கலந்து கொட்டினார்கள். 1987-ல் சுமார் 48 டன்! விளைந்த மீன் ஏறக்குறைய 50,000 டன். அதாவது, ஒரு கிலோ மீனுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிராம் மருந்து! கிருமிகள் சும்மா இருக்குமா? மருந்துக்கே பழகிப்போய், 'இன்னும் கொண்டா' என்று நிமிர்ந்து நின்றன.

தடுப்பு மருந்து யோசனை ஒன்றும் புதுசில்லை. 1942-லேயே கனடாவில் டஃப் என்ற விஞ்ஞானி, செத்த கிருமியைத் தீனியோடு கொடுத்து டிரவுட் மீன்களைக் காப்பாற்றிக் காட்டியிருக்கிறார். சூட்சுமம் இதுதான்: கிருமியைத் தொட்டியில் வளர்த்து, ஃபார்மலின் ஊற்றிக் கொன்றுவிட வேண்டும். உயிர் போனாலும் முகஜாடை போகாது. போலீஸ் ஸ்டேஷனில் ஒட்டிய திருடன் போட்டோ மாதிரி, மீனின் உடம்பு அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

சில கிருமிகளுக்கு மருந்துத் தண்ணீரில் மீனை முக்கி எடுத்தாலே போதும். ஃபுரன்குலோசிஸ் அதற்கெல்லாம் மசியவில்லை. 1990களின் தொடக்கத்தில், செத்த கிருமியை எண்ணெயில் குழைத்து ஊசியாகப் போட்ட பிறகுதான் வழிக்கு வந்தது. எண்ணெய் வயிற்றிலேயே தங்கி, சரக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும்.

குட்டி மீனை மயக்க மருந்துத் தண்ணீரில் தூங்கவைத்து, ஒவ்வொன்றாக எடுத்து 0.1 மில்லி! கை தவறித் தன் விரலிலேயே குத்திக்கொண்ட ஊழியர்களும் உண்டு. சிரிக்காதீர்கள், அந்த எண்ணெய் விரலில் இறங்கினால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். இப்போது பெரும்பாலும் மெஷின் குத்துகிறது.

மீனும் பாவம்தான். எண்ணெயால் வயிற்றுக்குள் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, வளர்ச்சி குறைகிறது. அதனால்தான் அளவை 0.05 மில்லியாகக் குறைத்த மருந்துகள் வந்தன. ஆனால், கணக்கைப் பாருங்கள்: இன்று நார்வேயில் வருஷத்துக்கு சுமார் 15 லட்சம் டன் சால்மன்; ஆன்ட்டிபயாடிக் ஒரு டன்கூட இல்லை!

அடுத்த மாசம் மகனுக்கு அடுத்த ஊசி. அந்த மயக்கத் தண்ணீர் அப்பாக்களுக்கும் கிடைக்குமா என்று டாக்டரிடம் விசாரிக்கணும்.